சின்னத்தா அனுப்பிய சீன மருந்துப் பொட்டலங்கள்

தீபாவளி கழிந்து எட்டாம் நாள் காரைக்குடியில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை, என் மாமியார் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார். நான் மறுபடி கருவுற்றிருந்தேன். கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 12 என்று அதில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளறைக்குப் போனவர், பீரோவிலிருந்து என் சிங்கப்பூர் ஃபைலை எடுத்து வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் முதல் கரு கலைவதற்குச் சில நாள் முன்னர் அங்கே எடுத்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்தார். அதில் அதே ஹார்மோனுக்கு நேரே 38 என்று இருந்தது. "38 இருந்தே தங்கவில்லை, இப்போது 12தானா?" என்று அவர் கேட்டார். அன்று காலையில்தான் எனக்கு லேசாக உதிரம் பட்டிருந்தது.

அந்த இரண்டு எண்களும் ஒன்றே என்பது மறுநாள் மாலை மருத்துவரைப் பார்க்கும் வரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று கணக்கிட்டு எழுதுகின்றன. சிங்கப்பூரில் ஒரு லிட்டரில் எத்தனை நானோமோல் என்று எழுதுகிறார்கள். முதல் கணக்கை 3.18 ஆல் பெருக்கினால் இரண்டாவது கணக்கு வந்துவிடும். 12ஐப் பெருக்கினால் 38 வருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அந்த அலகு இரண்டு தாளிலும் அச்சாகித்தான் இருந்தது. இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: இரண்டு ஊர்களில் எடுத்த ஹார்மோன் அறிக்கைகளை ஒப்பிடுவதற்கு முன்பு அலகைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் விட்ட ஒன்றரை நாளில் எங்கள் வீட்டில் வேறு மருத்துவ முறைகளும் நுழையத் தொடங்கிவிட்டன.

முதலில் நுழைந்தது சீன மருத்துவம். என் தாயாரின் தங்கை, அதாவது என் சின்னத்தா, சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளாக இருப்பவர். முதல் கரு எட்டாம் வாரத்தில் கலைந்தபோது நானும் கணவரும் அங்கேதான் இருந்தோம். நான் உடைந்து கிடந்த அந்த நாட்களில் சின்னத்தாதான் என்னை ஒரு சின்சேயிடம் கூட்டிப் போனார்; அங்கே சீன மருத்துவரைத் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றே தொழில் செய்ய முடியும் என்பதால், பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சின்னத்தா உட்காரவே செய்தார். வயதான அந்த மருத்துவர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்ப்பதைப் போல, அழுத்தியும் தளர்த்தியும் நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் ஓரத்தில் பதிந்திருந்த பல் தடத்தையும் பார்த்தார். தூக்கம், மாதவிலக்கின் நிறம், கை கால் குளிர்ச்சி என்று அவர் கேட்ட கேள்விகளை அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை. கடைசியில், "சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்றிரவு இந்தச் செய்தி தொலைபேசியில் என் புகுந்த ஊரான பள்ளத்தூருக்குப் போனதும், என் மாமனார் மதுரையில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்தும் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. சீன மருத்துவத்தில் 'ஷென்' என்னும் சொல்லுக்குச் சிறுநீரகம் என்று பெயர்த்துச் சொன்னாலும், அவர்கள் கருதுவது இடுப்புக்கு மேலே அவரை விதை வடிவில் இருக்கும் உறுப்பை மட்டும் அன்று. பிறப்போடு வரும் ஜீவசத்து, வளர்ச்சி, மாதவிலக்கு, கருத்தரிப்பு ஆகிய அனைத்தையும் தாங்கும் ஓர் ஆற்றலின் இருப்பிடமாக அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கருவைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த ஆற்றலே என்பதால், கரு தங்காத பெண்ணுக்கு அவர்கள் முதலில் சொல்வது ஷென் பலவீனம் என்பதுதான். நம்மவர்கள் 'உடம்பில் சூடு' என்று சொல்வதை ஒரு சீனர் வெப்பமானியை வைத்துச் சோதித்துப் பார்த்தால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் நாங்கள் கிரியாட்டினின் பார்த்தது.

நான் கருத்தரிக்காமல் இருந்த மூன்று மாதம் அவரிடம் மருந்து சாப்பிட்டேன். மாதவிலக்கு ஒழுங்குபட்டது, அது மருந்தாலா, வேலையை விட்டுவிட்டு ஒழுங்காகத் தூங்கியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது மாமியார் சின்னத்தாவிடம் 12 என்ற எண்ணைச் சொன்ன மூன்றாம் நாளே, திருச்சி விமானத்தில் வந்த ஓர் உறவுக்காரப் பையனின் கைப்பெட்டியில் இருபத்தெட்டுப் பொட்டலங்கள் வந்துவிட்டன. பழுப்பு நிறத் தூள், ஒவ்வொன்றும் விரல் நீளம், மேலே முழுவதும் சீன எழுத்து. அவற்றோடு சூப் வைக்கச் சொல்லிக் காய்ந்த கடற்பாசி ஒரு கட்டும் இருந்தது. சின்னத்தா இதை வாங்கியது அந்தச் சின்சேயிடம் இல்லை என்பதும், 'கருவை அமைதிப்படுத்தும் மருந்து' என்று கேட்டு ஒரு மருந்துக்கடையில் வாங்கியது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெந்நீரில் ஒன்றைக் கரைத்து மாமியார் கொண்டுவந்து நீட்டியபோது, அடுப்படி முழுவதும் பழைய வெல்லமும் ஈர மண்ணும் கலந்தாற்போல ஒரு வாடை. நான் குடிக்கவில்லை. துணிச்சல் என்று இதைச் சொல்ல மாட்டேன். முதல் முறை உதிரம் பட்டபோது, ஸ்கேனில் என்ன காட்டுமோ என்ற பயத்தில், யாரோ சொன்ன கஷாயத்தைக் குடித்துக்கொண்டு நான்கு நாள் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவள் நான். அந்த நான்கு நாளின் நினைவுதான் கிளாசைத் தள்ளி வைத்தது.

அந்த நான்கு நாளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அன்று கரு கருப்பையில்தான் இருந்தது. வளர்ச்சி முன்பே நின்றுவிட்டிருந்தது. ஆனால் அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருந்திருந்தால், குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் இதே அடையாளங்கள்தாம்: லேசான உதிரம், அடிவயிற்றில் வலி, பல சமயம் குறைவான புரோஜெஸ்டிரோன். எந்த நாட்டு மூலிகையாலும் அதைக் கருப்பைக்குள் நகர்த்த முடியாது. உதிரம் பட்டால் ஸ்கேன் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை சேர்ந்தால் விடியும் வரை காத்திருக்கவும் கூடாது.

காரைக்குடியில் நான் பார்க்கும் மருத்துவர் அதிகம் பேசாதவர். பொட்டலம் வருவதற்கு முன்பே, அறிக்கை வந்த மறுநாள் மாலையில், அவர் எனக்கு எண்ணின் கதையை ஒரு தாளில் வரைந்து காட்டினார். கருமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் திரட்சி உருவாகிறது. முதல் வாரங்களில் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது அதுதான். ஏழிலிருந்து பத்தாம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. சுரப்பு சீராக ஒழுகுவதில்லை, விட்டு விட்டுப் பாய்கிறது. ஆகவே காலையில் எடுத்த எண்ணும் மாலையில் எடுத்த எண்ணும் வேறுபடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கரு நன்றாக வளராதபோது அதன் சமிக்ஞை குறைந்து, அதனாலேயே புரோஜெஸ்டிரோன் குறைகிறது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்குக் குரோமோசோம் பிழைதான் காரணம் என்றும், அங்கே குறைந்த ஹார்மோன் ஒரு விளைவே தவிரக் காரணம் அன்று என்றும் அவர் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக, 'நான் எதையோ சாப்பிடாமல் விட்டதால்தான்' என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாக்கியம் எந்த மாத்திரையையும்விடப் பெரிதாக இருந்தது.

அப்படியானால் புரோஜெஸ்டிரோன் மருந்து எதற்கு என்று கேட்டேன். எல்லோருக்கும் வேண்டியதில்லை என்றார். பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், உதிரம் பட்ட அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதமும் எடுக்காதவர்களில் 72 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு கலைந்து, இப்போதும் உதிரம் படுகிறவர்களிடம் அது 72க்கு 57 என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு முறையாவது கலைந்து இப்போது உதிரமும் படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அந்த நாட்டின் வழிகாட்டுதல் 2021இல் மாற்றப்பட்டது. நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் என்பதால் எனக்குக் கொடுத்தார்; என் எண் 12 என்பதற்காக அன்று. கூடவே எழுதிய இன்னொரு பரிசோதனையில்தான் உண்மையான குறை வெளிப்பட்டது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5.2 என்று கூடியிருந்தது; அதற்குத் தைராய்டு ஹார்மோனான தைராக்சினை மாத்திரையாகக் கொடுத்தார். முதல் பன்னிரண்டு வாரம் வரை குழந்தை தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. வீட்டில் புரோஜெஸ்டிரோன் என்ற ஒரே சொல்லைச் சுற்றி அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தபோது, தைராய்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பொட்டலத்துக்கு வருகிறேன். "இதில் என்ன இருக்கிறது என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு வா, பிறகு பேசலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொட்டலத்தைப் படம் எடுத்துச் சின்னத்தா வழியாக அந்தப் பழைய சின்சேக்கே அனுப்பினேன். அவர் அன்று இரவே பேசினார். அடிப்படை மருந்து 'ஷௌ தாய் வான்' என்றும், 1860 முதல் 1933 வரை வாழ்ந்த ஜாங் ஷிச்சுன் என்னும் வைத்தியர் வகுத்தது என்றும் சொன்னார். அதில் நான்கு சரக்குகள். முதலாவது, நம் வேலிகளில் மஞ்சள் நூல் போலப் படரும் அம்மையார் கூந்தலின் இனத்தைச் சேர்ந்த கொடியின் விதை. இரண்டாவது, பட்டுப்புழு மேயும் முசுக்கொட்டை மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி. இரண்டுமே ஒட்டுண்ணிகள். வேர் மண்ணில் படாமல் இன்னொரு மரத்தின் சாற்றை உறிஞ்சி இந்தச் செடி தங்கியிருப்பதைப் போலத்தான் கருவும் தாயின் வயிற்றில் தங்குகிறது, ஆகவே இது கருவுக்குப் பிடிமானம் தரும் என்பது ஜாங்கின் தர்க்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது; அழகான உவமை சான்றாகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது ஒரு வேர். அதன் சீனப் பெயருக்கு 'முறிந்ததை இணைப்பது' என்று பொருளாம். நான்காவது சரக்கை அவர் சொன்னபோது தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது, மாமியாரும் பக்கத்தில் இருந்தார். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. கார்த்திகை மாதம், பிள்ளையார் நோன்புக்குப் புத்தம்புது கோடி வேட்டி எடுத்து வைத்திருக்கிற வீடு. மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல், பொட்டலங்கள் இருந்த எவர்சில்வர் டப்பாவை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்துப் போய் முகப்புத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து கை கழுவினார்.

கடைக்காரர் அந்த நான்கோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்திருந்தார். அவற்றுள் ஒன்று அதிமதுரம். இருமலுக்கு நாமும் வாயில் அடக்கிக்கொள்ளும் சரக்குதான். ஆனால் அதிகமாகச் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்பத்தில் அதை மிகுதியாகத் தின்ற தாய்மார்களின் பிள்ளைகளை ஆராய்ந்த பின்லாந்தில், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி அரசே அறிவுறுத்துகிறது. கடற்பாசியையும் சின்சேதான் முதலில் நிறுத்தச் சொன்னார். அதில் அயோடின் ஏராளம், தைராய்டு குறையுள்ளவளுக்கு அது தேவையில்லாத வம்பு. பிறகு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. நாடி பார்க்காமல், உதிரம் பட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மருந்து சொல்ல முடியாது, ஸ்கேன் முடிவு வரட்டும், உன் மருத்துவர் கொடுப்பதைச் சாப்பிடு என்றார். நான் பார்த்தவர்களில் சீன மருத்துவத்தின் மீது எனக்கு மதிப்பு வரச் செய்தவர், மருந்து கொடுக்க மறுத்த இந்த மனிதர்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். கரு கலையும் அறிகுறி உள்ளவர்களுக்குச் சீன மூலிகை கொடுத்துப் பார்த்த 44 ஆய்வுகளை, 5,100 பெண்களின் விவரத்தோடு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் தொகுத்தது. ஆங்கில மருந்தோடு சீன மூலிகையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடியதாக அந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அவை நடத்தப்பட்ட முறை தரம் குறைந்ததாக இருந்ததால் நம்பி முடிவு சொல்ல இயலாது என்று தொகுத்தவர்களே எழுதினார்கள். மறுபக்கம், தைவானில் 14,551 பிறப்புகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் 'ஹுவாங் லியன்' என்னும் கசப்பு வேரையும், 'ஆன் தாய் யின்' என்னும் கருக்காப்புக் கஷாயத்தையும் எடுத்தவர்களின் குழந்தைகளிடம் சில பிறவிக் குறைகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்த மூலிகைகள்தாம் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் 'கருவைக் காக்கும்' என்று பெயர் வைத்த மருந்தே அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்த பிறகு, முதல் பன்னிரண்டு வாரத்தில் தூளோ கஷாயமோ வேண்டாம் என்று நான் முடிவு செய்தேன். இது என் முடிவு. பதிவு பெற்ற சீன மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஊரில் இருப்பவர்கள் வேறு முடிவுக்கு வரலாம். பள்ளத்தூரில் அந்த வசதி எனக்கு இல்லை.

சுற்றுவட்டாரத்தில் அக்குபங்சர் பலகை மட்டும் உண்டு. மாமனாரின் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அப்படி ஓர் இடத்துக்கும் போனோம். அங்கே இருந்தவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தைராய்டு மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட வேண்டும், மாத்திரை உடம்பின் பேச்சைக் கெடுக்கிறது என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். கர்ப்ப காலத்தில் தைராக்சினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் எந்த முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், இரண்டாவது கேள்வி கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதே சமயம், சீன மரபே கர்ப்பத்தில் தொடக்கூடாது என்று விலக்கிய புள்ளிகள் உண்டு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை ஒன்று, உள் கணுக்காலுக்கு நான்கு விரல்கடை மேலே ஒன்று. தலைவலிக்கு என்று வீடியோ பார்த்து முதலாவதை அழுத்திக்கொள்ளும் வழக்கம் எனக்கே இருந்தது. சின்சே சொன்ன பிறகு விட்டேன்.

அவர் அனுமதித்தது ஒன்றே ஒன்று. உள்ளங்கைப் பக்க மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் புள்ளியை, குமட்டல் வரும்போது மெதுவாக அழுத்திக்கொள்ளச் சொன்னார். இதைப் பற்றிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை; ஆனால் கெடுதல் இல்லை. எட்டாம் வாரத்தில், தாளிக்கும் வாசனைக்கே குடல் புரண்ட காலைகளில், முகப்பில் உட்கார்ந்து அதை அழுத்திக்கொண்டிருப்பேன். சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. குளிர்ந்தது வேண்டாம், வெதுவெதுப்பான கஞ்சி குடி என்றும் சொன்னார். அதற்குச் சீன வைத்தியர் தேவையில்லை, அது நம் சொல்லே.

தினசரி நடைமுறை இப்படி அமைந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும் என்பதால் அவற்றை மதியத்துக்குத் தள்ளிவிட்டேன். இரவில் புரோஜெஸ்டிரோன், அது தலையைச் சுற்றித் தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால் படுக்கையை மாடியிலிருந்து கீழே மாற்றிக்கொண்டேன். ஒரு நோட்டில் ஒரு பக்கம் மருந்தின் பெயர், எதிர்ப்பக்கம் கொடுத்தவர், காரணம். காரணம் எழுத முடியாத எதுவும் அந்த நோட்டில் ஏறவில்லை. முந்தைய அறிக்கைகளை அலகோடு சேர்த்து மறுபடி எழுதி வைத்தேன். புரோஜெஸ்டிரோனை மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாமா என்று இரண்டு முறை கேட்டேன். மருந்தே உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எண்ணைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று மருத்துவர் இரண்டு முறையும் மறுத்துவிட்டார். ஆறரை வாரத்தில் எடுத்த ஸ்கேனில், கறுப்புத் திரையில் ஓர் அரிசி மணி அளவுக்கு ஏதோ துடித்தது. கணவர் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் உறைந்துவிட்டதாக நினைத்து, "தெரியவில்லை, தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பொட்டலங்களை மாமியார் தூக்கிப் போடவில்லை. சின்னத்தாவின் அன்பு அதில் இருக்கிறது என்று டப்பாவோடு மாடிக்கு அனுப்பிவிட்டார்.

மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடிய அன்று பிள்ளையார் நோன்பு வந்தது. எனக்கு அப்போது பத்தாம் வாரம். திருக்கார்த்திகையிலிருந்து கோடி வேட்டியில் நாளொன்றுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்த இருபத்தோர் இழையைத் திரியாக்கி, வெல்லமும் அரிசி மாவும் சேர்த்துப் பிசைந்த மாவில் பொதித்து, நெய்யில் ஏற்றி, மாமனார் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். பங்காளி வீட்டார் எல்லாம் வளவில் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கர்ப்பிணி இரண்டு இழை எடுத்துக்கொள்வது வழக்கம், ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு. முதல் முறை, இதே மார்கழியில் சிங்கப்பூரில் ஒற்றை இழையாவது எடுக்க முடியாதா என்று நான் அழுததை மாமியார் மறக்கவில்லை போலும். நான் ஒன்றை விழுங்கிவிட்டுப் பின்வாங்கப் போனபோது, அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னொன்று கொடுங்கள்" என்று மாமனாரிடம் சொன்னார். பேச்சுச் சத்தம் நின்றது. மாமனாரின் விரல் நடுங்கியதில் நெய் என் உள்ளங்கையில் சொட்டியது. சுடரோடு அதை வாயில் போட்டு மூடிக்கொண்டேன்.